கைமாறும் இடத்தில் நழுவும் கடல்

நாளிதழ்களின் ராமநாதபுரம் மாவட்டப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு ஒரு வரி நன்றாகப் பழகியிருக்கும். ‘பறிமுதல் செய்யப்பட்ட கடல் அட்டைகள் வனத்துறையினரிடம் ஒப்படைக்கப்பட்டன.’ பிடித்தவர்தான் செய்திக்குச் செய்தி மாறுவார். ஒரு நாள் கடலோரக் காவல் படை, இன்னொரு நாள் மரைன் போலீஸ், மற்றொரு நாள் சுங்கத்துறை அல்லது காவல்துறையின் கியூ பிரிவு. செய்தி போய் முடிவது எப்போதும் அந்த வரியில்தான்.

2021 செப்டம்பரில் மண்டபம் அருகே கடலோரக் காவல் படையினர் ஒரு படகை மடக்கியபோது, அதில் சுமார் 2 டன் கடல் அட்டை இருந்தது. மதிப்பு 8 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டது. அந்தச் செய்தியும் வனத்துறையிடம் ஒப்படைத்ததோடு முடிந்தது. 2015 முதல் 2020 வரை இந்தியாவிலும் இலங்கையிலுமாக 100க்கும் மேற்பட்ட கடல் அட்டைக் கடத்தல் சம்பவங்களை ஆய்வாளர்கள் தொகுத்திருக்கிறார்கள். பிடிபட்ட சரக்கு ஏறக்குறைய 65 டன், கைதானவர்கள் 500 பேருக்கு மேல். பிடிப்பதில் யாரும் சோம்பிக் கிடக்கவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும். அப்படியிருந்தும் சரக்கு போய்க்கொண்டே இருக்கிறது. ‘ஒப்படைக்கப்பட்டன’ என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் இதற்கான காரணம் பெருமளவு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த உயிரைப் பார்த்துவிடுவோம். கடல் அட்டை பார்க்க அழகான பிராணி இல்லை. முழங்கை நீளத்தில் தடித்த தோல் பை போலக் கடலடியில் கிடக்கும். கையில் எடுத்தால் விறைத்துக்கொண்டு தண்ணீரைப் பீச்சும். வாயைச் சுற்றியுள்ள கொம்புகளால் மணலை அள்ளி விழுங்கும். மணலில் ஒட்டிய மக்கிய சத்தைத் தின்றுவிட்டு, மீதி மணலைச் சுருள் சுருளாகப் பின்னால் தள்ளும். வயலுக்கு மண்புழு எப்படியோ அப்படித்தான் கடற்புல் படுகைக்கும் பவளத் திட்டுக்கும் இது. அடிமணலை இரவும் பகலும் கிளறிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

இதன் இனப்பெருக்க முறைதான் இதற்கு எமனாகவும் ஆகிறது. ஆணும் பெண்ணும் கூடுவதில்லை. ஆண் விந்தையும் பெண் முட்டையையும் தண்ணீரில் விடும். அவை தண்ணீரிலேயே சந்தித்துக் கருவாக வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் கிடந்தால்தான் இது நடக்கும். ஒரு படுகையில் பெரும்பகுதியை அள்ளிவிட்டு, அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிலதை விட்டுவைத்தால், அவை உயிரோடு இருந்தும் பயனில்லை. இவ்வளவு பிடித்தால் பரவாயில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாத உயிர் இது.

நம் ஊரில் இதை யாரும் தின்பதில்லை. சீனாவிலும் ஹாங்காங்கிலும் விருந்துப் பண்டம், மருந்து. அதற்காக மன்னார் வளைகுடாக் கரையில் தலைமுறை தலைமுறையாக அட்டை அவித்திருக்கிறார்கள். வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து, அண்டாவில் அவித்து, ஈர மணலில் புதைத்து வைப்பார்கள். தோலின் மேல் உள்ள சுண்ணாம்புப் படலம் இளகியதும் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்து வெயிலில் உலர்த்துவார்கள். ஈர எடையில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே பெரிது. ஒரு மூட்டை உலர்ந்த அட்டைக்குப் பின்னால் பத்து மூட்டைக்கும் மேலான உயிர் இருக்கிறது.

1982இல் மத்திய அரசு, 3 அங்குலத்துக்குக் குறைவான உலர் அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது என்றது. 2001இல் எல்லா வகைக் கடல் அட்டைகளையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலியும் யானையும் இருக்கும் அட்டவணை அது. அதிலுள்ள உயிர்களுக்கு எதிரான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. அவிப்பது வரை ஊரறிந்த தொழிலாக இருந்தது, அந்த ஓர் அறிவிப்போடு இரவு வேலையாகிவிட்டது.

ஒரே கடல், பல எல்லைகள்

சட்டம் காட்டுக்காக எழுதப்பட்டது. காட்டில் யார் அதிகாரி என்பதில் குழப்பமில்லை. ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரையிலான கடலில் அப்படியில்லை.

1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 560 சதுர கிலோமீட்டர். அதில் 21 தீவுகள் கணக்கிடப்பட்டன, இரண்டு கடலுக்குள் போய்விட்டன. இந்தப் பூங்கா வனத்துறையின் பொறுப்பு. பூங்காவுக்கு வெளியே படகுகளின் பதிவும் மீன்பிடி ஒழுங்கும் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மீன்வளத்துறையிடம். கரையோரக் கடலில் ரோந்து வருவது தமிழ்நாடு காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம், மக்கள் வாயில் மரைன் போலீஸ். அதைத் தாண்டி ஆழ்கடல் பக்கம் இந்தியக் கடலோரக் காவல் படை. உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம். நாட்டை விட்டுப் போகும் சரக்கு என்றால் சுங்கத்துறை, பெரிய தகவல் என்றால் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகம், இலங்கை தொடர்பு என்றால் கியூ பிரிவு. இவற்றோடு 2007இல் மத்திய அரசு அமைத்த வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம். நாட்டில் அந்தப் பணியகத்துக்கு இருக்கும் சில எல்லைப் பிரிவுகளில் ஒன்றை ராமநாதபுரத்தில் வைத்திருக்கிறார்கள் என்பதே இந்தக் கடலின் நிலைமையைச் சொல்லும்.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் மணல் திட்டுகள். பெரிய கப்பல் வரமுடியாத ஆழமற்ற கடல் என்பதால்தான் கடலோரக் காவல் படை மண்டபத்தில் ஹோவர்கிராஃப்ட் வைத்திருக்கிறது. வெளிப்பொறி பூட்டிய பைபர் படகுக்கு இந்தத் தூரம் பெரிதே இல்லை. அட்டை மூட்டை கரையிலிருந்து கடல் எல்லைக் கோட்டை அடையும் நேரத்துக்குள் நாலைந்து துறைகளின் எல்லைகளைக் கடந்துவிடுகிறது. ஒவ்வொரு துறைக்கும் அது கொஞ்ச நேரத்துக்குத்தான் சொந்தப் பிரச்சினை.

ஒரு மூட்டையின் பயணம்

பிடிபட்ட ஒரு மூட்டையின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம். நள்ளிரவு 2 மணிக்கு நடுக்கடலில் கடலோரக் காவல் படை ஒரு படகை மறிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடல் சூழலைக் காப்பதும் கடத்தலைத் தடுப்பதில் சுங்கத்துறைக்கு உதவுவதும் அந்தப் படையின் கடமைகள் என்று 1978ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. ஆனால் வழக்கைக் கோர்ட் வரை நடத்தும் பொறுப்பு அவர்களுடையதல்ல. ஆளையும் படகையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்து உரிய துறையிடம் கொடுக்க வேண்டும். விடிந்து 9 மணிக்கு ரேஞ்சர் வந்து பெற்றுக்கொள்கிறார்.

பிற்பாடு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து கேட்கும் முதல் கேள்வி அந்த 7 மணி நேரத்தைப் பற்றித்தான் இருக்கும். மூட்டை யார் பொறுப்பில் இருந்தது? முத்திரை வைத்தது யார்? மகஜர் எழுதியது கடலிலா, கரையிலா? சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் படகில் இருந்தாரா?

எடை விஷயம் இன்னும் சிக்கல். உயிருள்ள அட்டை நீரைக் கக்கிக்கொண்டே இருக்கும். கடலில் வைத்து எழுதிய எடைக்கும் மறுநாள் வனச்சரக அலுவலகத்தில் தராசில் நின்ற எடைக்கும் கணிசமான வித்தியாசம் வரும். பிராணியின் இயல்பு அது. ஆனால் கோர்ட்டில், சரக்கில் ஒரு பங்கு எங்கோ போய்விட்டது என்ற சந்தேகமாக அது மாறிவிடும். எடையோடு எண்ணிக்கையையும் எழுதிவைத்தால் இந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. இதற்குத் தேவைப்படுவது எல்லாத் துறைகளும் ஒத்துக்கொண்ட ஒரே படிவம். பிடித்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளி, நேரம், எண்ணிக்கை, உயிருள்ளவை எத்தனை, அவித்தவை எத்தனை, படகிலிருந்த செல்போனும் ஜிபிஎஸ் கருவியும் எந்த நிலையில் எடுக்கப்பட்டன என்ற விவரங்கள் அதில் இருந்தால் போதும். காவல்துறைக்குப் பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்பப் படிவம் 95 இருக்கிறது, வனத்துறைக்குத் தனிக் குற்ற அறிக்கை இருக்கிறது, சுங்கத்துறைக்குத் தனி மகஜர் இருக்கிறது. ஒவ்வொன்றும் தன் துறையைப் பொறுத்தவரை சரியானதுதான். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தகவலை மாற்றி எழுதும்போது விழும் ஒரு பிழையில் ஒரு வழக்கே சரிந்துவிடலாம்.

வழக்கை யார் தொடுப்பது என்பது அடுத்த சிக்கல், முக்கியமான சிக்கல். வன உயிரினச் சட்டத்தின் 50ஆவது பிரிவு சோதனையிடவும் கைது செய்யவும் வன அதிகாரிக்கு மட்டுமல்லாமல், உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத காவல் அதிகாரிக்கும் அதிகாரம் கொடுக்கிறது. ஆனால் 55ஆவது பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அலுவலர் போன்று அந்தப் பிரிவு குறிப்பிடுபவர்கள் கொடுக்கும் புகார் மனுவின் பேரில்தான் கோர்ட் வழக்கை எடுத்துக்கொள்ள முடியும். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை போட்டு, வழக்கம்போலக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால், அந்தச் சட்டத்தின் கீழ் அது நிற்காது. போலீஸ் விசாரிக்கவே கூடாதா என்ற கேள்விக்கு 2002இல் மோதிலால் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. போலீஸ் விசாரிப்பதற்குத் தடையில்லை, ஆனால் புகார் உரியவரிடமிருந்து வர வேண்டும். அதாவது இரண்டு துறைகளும் சேர்ந்து நடந்தால்தான் நிற்கும்படியாகவே சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. பேசிக்கொள்ளாத இரண்டு அலுவலகங்களிடம் அந்தச் சட்டத்தைக் கொடுத்தால், அது செல்லாக்காசாகிவிடும்.

வாக்குமூலத்திலும் இதே கதைதான். காவல் அதிகாரியிடம் குற்றவாளி ஒப்புக்கொண்டது கோர்ட்டில் சாட்சியமாகாது. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத, அதற்கென அதிகாரம் பெற்ற வன அதிகாரி, குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதிவு செய்யும் சாட்சியம் பின்னால் விசாரணையில் செல்லும். சுங்கச் சட்டத்தின் 108ஆவது பிரிவில் எடுக்கும் வாக்குமூலத்துக்கும் கோர்ட்டில் மதிப்பு உண்டு. மறுபக்கம், செல்போன் அழைப்பு விவரங்களை எடுக்க வேண்டுமானால் ரேஞ்சருக்கு வழியில்லை, எஸ்.பி. அலுவலகத்துக்குத்தான் எழுத வேண்டும். கடத்தலில் வந்த பணத்தைத் தேட வேண்டுமானால், வன உயிரினக் குற்றங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இருப்பதால், அமலாக்கத்துறைக்குச் சொல்ல வேண்டும். இந்தச் சாவிகளில் ஒன்று குறைந்தாலும் பூட்டு திறக்காது.

சாவிகள் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடற்கரைக்காரர்கள் நன்றாக அறிவார்கள். மூட்டை தூக்கிய கூலியாள் சிறைக்குப் போவார். அவரிடம் அட்டையைக் கொடுத்தவர் பெயர் யாருடைய தாளிலும் ஏறாது. விசாரணை முடியும்வரை வாகனத்தைக் கோர்ட் விடுவிக்கலாம் என்று 2008இல் மதுகர் ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பதால், படகு மறுபடி கடலுக்குப் போகவும் வாய்ப்பு உண்டு. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடக்கும். அதற்குள் ரேஞ்சர் மாறியிருப்பார், மரைன் போலீஸ் ஆய்வாளர் மாறியிருப்பார், கடலோரக் காவல் படையில் அன்று ரோந்தில் இருந்தவர் இந்தியாவின் வேறொரு கரையில் இருப்பார். சாட்சி சொல்ல அவர் வந்தாக வேண்டும்.

இதையெல்லாம் ஊழல், திறமையின்மை என்ற இரண்டு சொற்களில் அடைத்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இருட்டில், அலையில், ஆழமற்ற கடலில் உயிரைப் பணயம் வைத்துப் படகை விரட்டிப் பிடிப்பவர்கள் இந்தத் துறைகளின் கடைநிலை ஊழியர்கள்தாம். அவர்கள் பிடித்ததைக் கோர்ட்டில் நிற்க வைக்கும் ஏற்பாட்டை மேலே இருப்பவர்கள் செய்து தரவில்லை என்பதே என் ஆதங்கம்.

தங்கத்துக்கு முடிந்தது

இதே கடலில் இது முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2023 ஜூன் தொடக்கத்தில் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் கடலோரக் காவல் படையும் சுங்கத்துறையும் சேர்ந்து மன்னார் வளைகுடாவில் நடத்திய நடவடிக்கையில் சுமார் 32 கிலோ தங்கம் கிடைத்தது. மதிப்பு 20 கோடி ரூபாய்க்கு மேல். படகில் இருந்தவர்கள் ஒரு பகுதியைக் கடலில் வீசிவிட, முக்குளிப்பவர்களை இறக்கித் தேடி எடுத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியிலும் இப்படித்தான் 17 கிலோவுக்கு மேல் கடலடியிலிருந்து மீட்டார்கள்.

அங்கே என்ன நடந்தது என்று கூர்ந்து பார்த்தால், முதலில் தகவல் கைமாறியிருக்கிறது, பிறகுதான் சரக்கு கைமாறியிருக்கிறது. எந்தப் படகு, எந்த இரவு என்பது புலனாய்வுக்காரர்களிடம் இருந்தது. அதைத் தங்கள் பெயரில் செய்தியாக வருவதற்காகப் பூட்டி வைத்துக்கொள்ளாமல், படகும் ஆளும் உள்ள படையிடம் சொன்னார்கள். மூன்று துறையும் அந்த இரவில் ஒரே வேலையைப் பார்த்தன.

அட்டை விஷயத்தில் வரிசை தலைகீழ். பிடித்த பிறகுதான் அடுத்த துறைக்குத் தெரிகிறது. இங்கிருந்து கடல் அட்டையும் பீடி இலையும் மஞ்சளும் போகின்றன, அங்கிருந்து தங்கம் வருகிறது, பாதை ஒன்றுதான். வனத்துறையின் அட்டை வழக்குகளில் உள்ள படகு எண்களையும் சுங்கத்துறையின் தங்க வழக்குகளில் உள்ளவற்றையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஒருவர் இருந்தால் எத்தனை முடிச்சு அவிழும்! அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். மாதம் ஒருமுறை அந்த மேசையைச் சுற்றி உட்கார வேண்டும், வந்தவர் மாற்றலாகிப் போனாலும் அந்த நாற்காலியும் பதிவேடும் அங்கேயே இருக்க வேண்டும்.

சேர்ந்து வேலை செய்யப் பயிற்சி இல்லை என்றும் சொல்ல முடியாது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு ‘சாகர் கவச்’ என்ற ஒத்திகை நம் கரையில் நடக்கிறது. தீவிரவாதிகளைப் போல வேடமிட்ட காவலர்கள் கடல்வழியாக ஊடுருவப் பார்ப்பார்கள். கடற்படை, கடலோரக் காவல் படை, மரைன் போலீஸ், சுங்கம், மீன்வளம் எல்லாம் சேர்ந்து அவர்களைப் பிடிக்க வேண்டும். அந்த ஒத்திகை கொடுத்த பழக்கத்தால் யாரை எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஒத்திகையில் ஓர் இரவு ‘தீவிரவாதி’க்குப் பதிலாக அட்டை மூட்டையோடு ஒரு படகை விட்டுப் பார்க்கலாம். பிடிப்பதோடு நிறுத்தாமல், மகஜர் எழுதி மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோகும் வரை ஒத்திகை பார்த்தால், ஓட்டை எங்கே என்று அன்றே தெரிந்துவிடும்.

இந்த இடைவெளியை நிரப்ப முயற்சியே நடக்கவில்லை என்றால் அது பொய்யாகிவிடும். தமிழ்நாடு வனத்துறை அண்மை ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவுக்கென்று கடலில் ரோந்து வர ஒரு சிறப்புப் படையையும், மாநில அளவில் வன உயிரினக் குற்றங்களுக்கென்று தனிப் பிரிவையும் உருவாக்கியிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் இவை இன்னும் இரண்டு புதிய பெயர்ப் பலகைகளாக நின்றுவிடாமல், ஏற்கெனவே இருக்கும் துறைகளை ஒன்றாகக் கட்டும் கயிறாக வேண்டும். மத்திய அரசின் வன உயிரினக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் 2016 டிசம்பரிலும் 2017 ஜனவரியிலும் ஆமைக் கடத்தலுக்கு எதிராக நடத்திய ‘ஆபரேஷன் சேவ் கூர்மா’வில் மாநிலப் போலீஸ், வனத்துறை, சுங்கம் எல்லாவற்றையும் ஒருங்கிணைத்து, 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகளை உயிரோடு மீட்டது. நடுவில் நின்று கூப்பிட ஓர் ஆள் இருந்தால் துறைகள் வருகின்றன.

கரையில் உட்காராத துறை

இத்தனை துறைகளைச் சொல்லிவிட்டு ஒரு தரப்பைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமில்லை. கடலில் யார் எங்கே என்ன பிடிக்கிறார்கள் என்பது எந்த ராடாருக்கும் தெரிவதற்கு முன்பே மீனவருக்குத் தெரியும். அவரைத்தான் இந்த ஏற்பாட்டில் பெரும்பாலும் சந்தேகப் பட்டியலில் வைத்திருக்கிறோம்.

அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மீனுக்கும் நண்டுக்கும் விட்ட வலையில் அட்டை தானாக வந்து விழுகிறது. அதை எடுத்துக் கடலில் போட்டுவிட்டால் குற்றமில்லை என்று மனம் சொல்கிறது. அந்த நேரத்தில் ரோந்துப் படகு வந்தால் படகும் வலையும் போய்விடும் என்று பயமும் இருக்கிறது. சட்டத்தின் 57ஆவது பிரிவின்படி, கையில் இருந்தது எப்படி வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு வைத்திருந்தவர் தலையில்தான் விழும். சங்கு குளித்தும் அட்டை எடுத்தும் பிழைத்த குளியாட்களின் குடும்பங்களுக்கு 2001இல் ஒரே அறிவிப்பில் அட்டைத் தொழில் போனது. அக்கரையில் உரிமம் வாங்கிப் பிடிக்கிறார்கள், பண்ணை வைத்து வளர்க்கிறார்கள், நமக்கு மட்டும் ஏன் ஜெயில் என்ற கேள்வி ஒவ்வொரு மீனவர் கூட்டத்திலும் வருகிறது.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1988லேயே தூத்துக்குடியில் வெள்ளை அட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. அந்த அறிவு நம்மிடம் இருந்தது. தடையை நீக்குவதா வேண்டாமா என்று நான் இங்கே தீர்ப்பு எழுதவில்லை. படுகைகள் இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்று விஞ்ஞானிகள் கடலடியில் எண்ணிப் பார்த்து, அந்தக் கணக்கை மீனவர் முன் தமிழில் வைத்துப் பேச வேண்டும் என்பதே என் வேண்டுகோள். கேள்விக்குப் பதில் கிடைக்காத ஊரிலிருந்து தகவல் வராது. தகவல் வராவிட்டால் ஏழு துறை சேர்ந்தாலும் இருட்டில் துழாவுவதுதான் நடக்கும்.

உறவு இருந்தால் எப்படி இருக்கும் என்பதைப் பாக் விரிகுடா மீனவர்கள் காட்டியிருக்கிறார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. அதற்கு முன்பிருந்தே அங்கே வேலை நடந்தது. வலையில் சிக்கிய கடற்பசுவை வலையை அறுத்து விடுவித்த மீனவருக்கு வனத்துறை பாராட்டும் வெகுமதியும் கொடுத்தது. மீனவர் பிள்ளைகளுக்குக் கடற்பசுவின் பெயரில் உதவித்தொகை வந்தது. இன்று கடற்பசு மாட்டினால் மீனவரே செல்போனில் படம் பிடித்து அனுப்புகிறார். ஒரு காலத்தில் கறிக்காகப் பிடிக்கப்பட்ட விலங்கு அது. அட்டைக்கும் அதே வனத்துறை, ஏறக்குறைய அதே கடல், அதே மக்கள்.

சின்ன விஷயம் ஒன்று. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, சந்தேகப் படகு என்றால் மரைன் போலீஸுக்கு 1093. கடத்தல் படகைப் பார்த்த மீனவர் எதைக் கூப்பிட வேண்டும்? எதைக் கூப்பிட்டாலும் தகவல் உரிய இடத்துக்குப் போகும் என்றும், சொன்னவர் பெயர் வெளியே வராது என்றும் அவருக்கு எழுத்துமூலம் உறுதி கொடுக்க வேண்டும். வலையில் விழுந்த அட்டையை உயிரோடு கடலில் விட்டவர் மீது வழக்கு வராது என்று வனத்துறை, மரைன் போலீஸ், கடலோரக் காவல் படை மூன்றும் கையெழுத்திட்டு ஒவ்வொரு மீன் இறங்குதளத்திலும் ஒட்டினால், அந்த ஒரு தாள் பல ரோந்துப் படகுகளின் வேலையைச் செய்யும்.

அக்கரை

கடல் எல்லைக் கோட்டைத் தாண்டியதும் மூட்டையின் சாதி மாறிவிடுகிறது. இலங்கையில் உரிமம் பெற்று அட்டை குளிக்கலாம். யாழ்ப்பாணம், கிளிநொச்சிக் கரைகளில் பண்ணைகளும் வந்திருக்கின்றன. அவை தங்கள் கடலையும் பிழைப்பையும் பறிக்கின்றன என்று அங்குள்ள தமிழ் மீனவர்கள் போராடியும் இருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் திருட்டுத்தனமாக எடுத்த அட்டை அந்தக் கரையில் ஏறி, அவித்து உலர்ந்து, உரிய தாளோடு சிங்கப்பூருக்கோ ஹாங்காங்குக்கோ போனால், எது எந்தக் கடலில் பிறந்தது என்று யார் சொல்வது? தோலுக்குள் இருக்கும் நுண்ணிய சுண்ணாம்பு முள்களை வைத்து வகையைச் சொல்லலாம். டிஎன்ஏ வைத்து இன்னும் உறுதியாகச் சொல்லலாம். வகையைச் சொன்னாலும் பிறந்த கடலைச் சொல்வது கடினம்.

எட்டுத் தெற்காசிய நாடுகள் சேர்ந்து 2011இல் வன உயிரினக் குற்றத் தடுப்புக்கு ஒரு வலையமைப்பைத் தொடங்கின. இந்தியாவும் இலங்கையும் அதில் உறுப்பினர்கள். உலக அளவில் 2010 முதல் இன்டர்போல், உலகச் சுங்க அமைப்பு, ஐ.நா.வின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகம், உலக வங்கி, அழிவாபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் செயலகம் ஐந்தும் ஒரு கூட்டமைப்பாக இயங்குகின்றன. இவ்வளவு மேலே இத்தனை பாலங்கள் இருக்கின்றன. மண்டபத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே, பிடித்த படகின் விவரத்தை அன்றே பகிர்ந்துகொள்ளும் ஒரு சாதாரணத் தொடர்புதான் தேவை. மீனவர் கைதும் படகுப் பறிமுதலும் இரு நாட்டு உறவில் புண்ணாக இருக்கும் காலத்தில் இது கடினம் என்று தெரியும். அட்டை இரு கரைக்கும் பொதுச் சொத்து, இரு கரையிலும் இந்தக் கடலை நம்பிப் பிழைப்பவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுபவர்கள் என்பதால், இந்தப் பேச்சுக்கு மற்ற எதையும்விட இடம் அதிகம் என்றும் நம்புகிறேன்.

லட்சத்தீவில் நடந்ததை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். கடத்தல் அங்கும் பெருகியபோது, 2020இல் செரியபாணிப் பவளத் திட்டை ஒட்டி 239 சதுர கிலோமீட்டர் கடலைக் கடல் அட்டைப் பாதுகாப்பகமாகவே அறிவித்தார்கள். ஆளில்லாத தீவுகளில் கண்காணிப்பு முகாம் வைத்தார்கள். சிறிய நிர்வாகம் என்பதால் முடிவெடுப்பவரும் களத்தில் இருப்பவரும் அருகருகே இருந்தார்கள். நம் கரை அப்படியில்லை, மக்கள் நெருக்கம் அதிகம். ஆனாலும் இந்தப் படுகை, இந்த உயிர், இவர்கள் பொறுப்பு என்று பெயர் சொல்லிக் காட்ட முடிகிற தெளிவை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்த வழக்குகளில் எல்லோரும் தவறவிடும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பிடிபடும் மூட்டையில் எப்போதும் எல்லாமே செத்திருப்பதில்லை. மாஜிஸ்திரேட் அனுமதி பெற்று, உயிருள்ளவற்றைக் கடலில் விடுவது வனத்துறையின் வழக்கம். எத்தனை விடப்படும் என்பதை அந்த ஒப்படைப்புக்கு எத்தனை மணி நேரம் ஆனது என்பது தீர்மானிக்கிறது. கடலோரக் காவல் படையின் தாளும் ரேஞ்சரின் தாளும் ஒத்துப்போய், காலையிலேயே உத்தரவு கிடைத்துவிட்டால், வனத்துறைப் படகு கடற்புல் படுகைக்கு மேலே போய் நிற்கும். வேட்டைத் தடுப்புக் காவலர் மூட்டையைக் கவிழ்க்க மாட்டார். குனிந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீருக்குள் விடுவார். விறைத்துக் கிடந்தது மெல்லத் தளர்ந்து, மணலைத் தொட்டதும் கொம்பை நீட்டித் தின்னத் தொடங்கும், பக்கத்திலேயே அடுத்தது வந்து விழும்.